மாணவனின் பெயரைச் சொல்ல மறுத்த மவ்லானா

வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் "இன்குலாப் ஜிந்தாபாத்" என்ற முழக்கத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பார்கள். 1921-ல் அந்த முழக்கத்தை உருவாக்கியவர் மவ்லானா ஹஸ்ரத் மொஹானி. அவருடைய போராட்டம் தொடங்கியதே ஒரு கல்லூரி வளாகத்தில்தான்.

உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்திலுள்ள மோகான் என்ற ஊரில் பிறந்த அவரின் இயற்பெயர் சையத் ஃபஸ்லுல் ஹசன். அலிகர் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் சேர்ந்தார். அதுவே 1920-ல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமானது. ஆங்கில அரசைப் பகைத்துக்கொள்ள அன்றைய நிர்வாகம் தயாராக இல்லை. மனதில் பட்டதைப் பேசிய ஹஸ்ரத் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனாலும் 1903-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு 'உருது-ஏ-முஅல்லா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

சோதனை 1908-ல் வந்தது. எகிப்தில் ஆங்கிலேயர் கடைப்பிடித்த கல்விக் கொள்கையைக் கண்டிக்கும் கட்டுரை ஒன்று, எழுதியவர் பெயர் இல்லாமல் அந்தப் பத்திரிகையில் வெளியானது. எழுதியவர் ஒரு மாணவர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பெயரைக் கேட்டு அரசு நெருக்கியது. சொல்லியிருந்தால் ஹஸ்ரத் தப்பியிருக்கலாம். அந்த மாணவரின் வாழ்க்கை அத்தோடு முடிந்திருக்கும். அவர் பெயரைச் சொல்லவில்லை. வெளியிட்டவன் நான், பொறுப்பும் என்னுடையதே என்று நின்றார்.

தேசத்துரோக வழக்கில் கடுங்காவல் தண்டனையும் அபராதமும் கிடைத்தன. அபராதத்துக்காக, அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் அற்ப விலைக்குப் போயின. சிறையில் திரிகையில் மாவு அரைத்தார். ரமலானும் அங்கேயே கழிந்தது. மனைவி நிஷாத்துன்னிஸா பேகம் கலங்காமல் துணை நின்றார். விடுதலையானதும் அதே பத்திரிகையை மீண்டும் நடத்தினார்.

அதே 1908-ல்தான் சென்னையில் கெடுபிடி முற்றியதால் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். 'இந்தியா' பத்திரிகை பிரெஞ்சு மண்ணிலிருந்து வெளிவந்தது. நம் ஊர் ஒருவருக்கு அடைக்கலம் தந்த ஆண்டில், அலிகரில் மற்றொருவர் சிறை புகுந்தார். இருவர் மீதும் சாட்டப்பட்ட குற்றம் எழுத்துதான்.

1921-ல் அகமதாபாத் காங்கிரஸில் முழு விடுதலைத் தீர்மானத்தை ஹஸ்ரத் முன்மொழிந்தார். காந்தியடிகள் எதிர்த்ததால் அது நிறைவேறவில்லை. 1929-ல் லாகூரில் காங்கிரஸே அந்த முடிவுக்கு வந்தது. 1925-ல் கான்பூரில் நம் சிங்காரவேலர் தலைமையில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவராக இருந்தார். பின்னர் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தும், உடன்பாடு இல்லாததால் அரசியல் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. 1951 மே 13-ல் லக்னோவில் வஃபாத்தானார்.

இன்று கருத்துரிமை கேட்டுக் கல்லூரி வாசலில் நிற்கும் மாணவர்களுக்கு முழக்கம் எழுப்பத் தெரியும். அவர்கள் மீது நடவடிக்கை பாயும்போது, அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் பொறுப்பைத் தம் தோளில் ஏற்கும் ஆசிரியர்களும் பெரியவர்களும் எத்தனை பேர்? மவ்லானாவின் வாழ்க்கை நம்மிடம் கேட்பது இதைத்தான்.