பாரடேயும் அவர்தம் துணைவரும்

இலண்டன் மாநகரில் ஆல்பிமார்ல் தெரு என்றொரு தெரு உண்டு. 1799ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற இராயல் நிலையம் என்னும் விஞ்ஞானக் கூடம் அத்தெருவில் இன்றும் உள்ளது. அதன் அடித்தளத்து ஆராய்ச்சிச் சாலையில்தான் மைக்கேல் பாரடே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். நீரின் விசையாலும் நீராவியின் விசையாலும் சுழன்று நமக்கு மின்சாரம் தரும் பொறிகள் யாவும், அவர் அங்கே கண்ட உண்மையைக் கொண்டே இயங்குகின்றன. அவரைச் சூழ மாணாக்கர் குழாம் ஒன்றும் இருந்ததில்லை. சோதனைகளைத் தம் கையாலேயே செய்தார். பிறர் கண்டு கூறியதைத் தாமும் ஒருமுறை செய்து பார்த்தாலன்றி அவருக்கு மனநிறைவு உண்டாவதில்லை. இங்ஙனம் தனித்து உழைத்தவரின் வரலாற்றில் நண்பர்கள் பெற்ற இடம் பெரிது. நட்பால் அவர் அடைந்த துன்பமும் சிறிதன்று.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் ரிபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவற் சிறுவராகச் சேர்ந்தார். மறு ஆண்டு முதல் ஏழாண்டுகள் அவரிடமே புத்தகம் கட்டும் தொழிலைப் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களே அவருக்குப் பள்ளிக்கூடமாயின. 1812ஆம் ஆண்டில் அக்கடைக்கு வந்த ஒருவர், பெரும் புகழ் பெற்ற இரசாயன அறிஞர் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு அவரை அனுப்பி வைத்தார். நான்கு சொற்பொழிவுகளைக் கேட்ட பாரடே, கேட்டவற்றை விரிவாக எழுதிப் படமும் வரைந்து, அழகிய புத்தகமாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். சில திங்களில் டேவியின் உதவியாளர் ஒருவர், உடன் வேலை செய்தவரை அடித்த குற்றத்திற்காக நீக்கப்பட்டார். அவ்விடம் 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரடேக்குக் கிடைத்தது. தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகளும், குளிர்காய நிலக்கரியும், மெழுகுவத்திகளும் நிலையத்தார் அளித்தனர்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் டேவி தம் மனைவியுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். அவருடைய பணியாள் உடன்வர மறுத்தமையால், வேறோர் ஆள் கிடைக்கும்வரை அவ்வேலையையும் பார்க்கும்படி பாரடே கேட்டுக்கொள்ளப்பட்டார். பயணம் முடியும்வரை அந்த வேறோர் ஆள் கிடைக்கவேயில்லை! டேவியின் மனைவியார் பாரடேயை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் நொந்து ஊர் திரும்பிவிடலாமா என்றும் அவர் எண்ணியதுண்டு. தம் குறைகளை இளமை நண்பர் பெஞ்சமின் ஆபட் என்பவருக்குக் கடிதங்களில் எழுதி ஆறுதல் பெற்றார். ஆயினும் பாரிசில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் காணும் பேறு அவருக்கு அப்பயணத்தால் வாய்த்தது. டேவி ஆராயும் முறையை அருகிலிருந்து கற்றதும் அப்போதுதான்.

1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஓர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி அசைவதைக் கண்டறிந்தார். மறு ஆண்டு ஏப்பிரலில் வொல்லாஸ்டன் என்னும் முதிய அறிஞர், காந்தத்தை அருகே கொண்டுவந்தால் கம்பி தன்னைத்தானே சுற்றிச் சுழலும் என்று கருதி, டேவியோடு சேர்ந்து நிலையத்தில் சோதனை செய்தார். கம்பி சுழலவில்லை. பாரடே அச்சோதனையின்போது உடனிருந்தாரல்லர். பின்னர் வந்து அவர்கள் உரையாடியதை மட்டும் கேட்டார். அக்காலத்தில் ரிச்சர்டு பிலிப்ஸ் என்னும் நண்பர், மின்காந்த ஆராய்ச்சியின் வரலாற்றைத் தம் இதழுக்கு எழுதித் தருமாறு பாரடேயை வேண்டினார். எழுதும் பொருட்டு எல்லாச் சோதனைகளையும் தாமே செய்யத் தொடங்கிய பாரடே, செப்டம்பர்த் திங்களில் ஒரு புதுமையைக் கண்டார். பாதரசம் நிறைந்த கிண்ணத்தின் நடுவே காந்தம் ஒன்றை நிறுத்தினார். மேலிருந்து தொங்கிய கம்பியின் நுனி பாதரசத்தைத் தொட, மின்னோட்டத்தைச் செலுத்தினார். கம்பி காந்தத்தைச் சுற்றி வட்டமிட்டது. மின்சாரத்தால் ஓயாது சுழலும் இயக்கம் அன்று பிறந்தது. உடனிருந்த மைத்துனச் சிறுவன் ஜார்ஜோடு சேர்ந்து அவர் மேசையைச் சுற்றிக் கூத்தாடினார் என்பர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வொல்லாஸ்டனைக் காணச் சென்றபோது அவர் ஊரில் இல்லை. பாரடே காத்திராமல், அவர் பெயரையும் குறிப்பிடாமல், தம் முடிவை அக்டோபரில் வெளியிட்டுவிட்டார். வொல்லாஸ்டனின் கருத்தைக் கவர்ந்துகொண்டார் என்ற பழிச்சொல் உடனே பரவியது. உண்மையில் இருவர் எண்ணமும் வேறு. ஒருவர் கருதியது கம்பி தன் அச்சில் சுழல்வது. மற்றவர் கண்டது கம்பி காந்தத்தை வலம்வருவது. எனினும், சில நாள் பொறுத்திருந்தால் அப்பழியே எழுந்திராது. பாரடே வொல்லாஸ்டனுக்கு நேரே கடிதம் எழுதித் தம் நிலையை விளக்கினார். அம்முதியவர் சினம் கொள்ளாது, நிலையத்துக்கே வந்து அச்சோதனைகளைக் கண்டு சென்றார்.

சினம் கொண்டவர் டேவியே. 1823ஆம் ஆண்டில் பாரடே குளோரின் வாயுவை நீர்மமாக்கியபோது, அதற்கு வழிசொன்னவர் தாமே என்று டேவி குறிப்பெழுதிச் சேர்த்தார். அவ்வாண்டே பாரடேயை இராயல் சங்கத்தின் உறுப்பினராக்க நண்பர்கள் முன்மொழிந்தனர். விண்ணப்பத்தில் முதற் கையெழுத்து வொல்லாஸ்டனுடையது என்பது நினைக்கத்தக்கது. சங்கத் தலைவராயிருந்த டேவியோ, அதைத் திரும்பப் பெறுமாறு பாரடேயை வற்புறுத்தினார். தாம் முன்வைக்காத விண்ணப்பத்தைத் தாம் திரும்பப் பெறுதல் இயலாது என்று பாரடே பணிவோடு மறுத்தார். 1824ஆம் ஆண்டு சனவரியில் வாக்கெடுப்பு நடந்தபோது எதிராக விழுந்தது ஒரே வாக்கு. அது மறைவு வாக்காதலின் யாருடையதென்று கூறுதல் முறையன்று. மறு ஆண்டு பாரடேயை ஆராய்ச்சிச் சாலையின் தலைவராக அமர்த்தப் பரிந்துரைத்தவரும் அதே டேவிதான்! மனித மனம் ஒரே நிறம் உடையதன்று. பாரடேயும் இறுதிவரை டேவியை மதிப்போடே குறிப்பிட்டு வந்தார். ஆயினும், முன்போல் அவர்களிடையே நெருக்கம் இல்லை. பிற்காலத்தில் அவர் எவரையும் கூட்டாளியாகக் கொள்ளாமல் தனித்து உழைத்ததற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிருக்கக்கூடும்.

எனினும் தனிமை வேண்டியபோதெல்லாம் கிடைத்துவிடவில்லை. தொலைநோக்கிக்கு ஏற்ற கண்ணாடி செய்வதற்கு இராயல் சங்கம் அமைத்த குழுவில் அவர் பல ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது. நிலையத்தில் உலை ஒன்று அமைத்து, 1827ஆம் ஆண்டு இறுதியில் சார்ஜெண்டு ஆண்டர்சன் என்னும் பழைய பீரங்கிப் படைவீரரை உதவிக்கு வைத்துக்கொண்டனர். ஆண்டர்சன் விஞ்ஞானம் கற்றவரல்லர். சொன்னதைச் சொன்னபடி செய்வார், சொல்லாததைச் செய்யார். ஒருநாள் மாலை அவரை வீட்டுக்குப் போகச் சொல்லப் பாரடே மறந்துவிட்டார். மறுநாட்காலை வந்து பார்த்தபோது, ஆண்டர்சன் இரவு முழுவதும் உலையில் நெருப்புக் குறையாமல் காத்துக்கொண்டிருந்தார் என்று கூறுவர். கண்ணாடி வேலை முடிந்த பின்னும் பாரடே அவரை விடவில்லை. தம் ஆராய்ச்சி நூலில் அவருடைய கவனத்தையும் உறுதியையும் பாராட்டி எழுதியும் வைத்தார்.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மற்றொன்றில் கணநேர மின்னோட்டம் எழுவதைப் பாரடே கண்டார். மின்தூண்டல் என்னும் பேருண்மை இதுவே. களிப்பு மிகுந்து பாரிசு நண்பர் ஒருவருக்கு இதனை எழுதினார். அக்கடிதம் அங்குள்ள விஞ்ஞானக் கழகத்தில் படிக்கப்பெற்றது. அதைக் கேள்வியுற்ற இத்தாலிய அறிஞர் இருவர் தாமும் சோதனை செய்து ஓர் இதழில் வெளியிட்டனர். அவ்விதழ் முந்திய திங்களின் பெயரைத் தாங்கி வந்தமையால், அவர்களே முதலிற் கண்டனர் என்று சிலர் மயங்கினர். அச்சேறும்முன் எதையும் வெளியிடலாகாது என்னும் எச்சரிக்கை அவருக்கு மேலும் வலுத்தது. தம் குறிப்பேட்டில் நாள்தோறும் தேதியிட்டுப் பத்திகளுக்கு எண்ணும் இட்டு வந்தார். அவ்வெண் முடிவில் பதினாறாயிரத்தைக் கடந்தது.

ஆனால், தமக்குத் தெரியாததைப் பிறரிடம் கேட்க அவர் நாணியதில்லை. மின்சாரத்தால் பொருள்கள் பிரிவதை விளக்கப் புதுச்சொற்கள் வேண்டியபோது, கிரேக்கம் அறிந்த ஹியூவெல் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞரை நாடினார். ஆனோடு, காத்தோடு, அயனி என்று இன்று நீங்கள் பாடத்தில் படிக்கும் சொற்கள் அவ்விருவரின் கடிதங்களில் உருவானவை. பயனற்றுப் போயிற்று என்று எண்ணப்பட்ட குழுவின் கண்ணாடியும் வீண்போகவில்லை. 1845ஆம் ஆண்டில் அக்கனத்த கண்ணாடித் துண்டின் வழியாகவே, காந்தம் ஒளியையும் பாதிக்கிறது என்பதை அவர் கண்டார். கணிதம் அறியாத அவருடைய விசைக்கோட்டுக் கொள்கைக்கு மாக்ஸ்வெல் என்னும் இளைஞர் கணித வடிவம் தந்தார். அதைக் கண்டு பாரடே முதலில் மலைத்தார், பின் மகிழ்ந்தார்.

1853ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் என்பவர் நிலையத்தின் பேராசிரியராக வந்தார். அவர் பாரடேக்கு ஏறத்தாழ முப்பதாண்டு இளையவர். பாரடேயின் காந்தக் கருத்துகள் சிலவற்றை எழுத்தில் மறுத்தவர். இளையவர் ஒருவர் தம்மை மிஞ்ச முயல்வதைக் காணும் நிலை, முன்பு டேவிக்கு வாய்த்ததுபோல் இப்போது பாரடேக்கும் வாய்த்தது. பாரடே அவர் வரவை மனமார ஆதரித்தார். கருத்து வேறுபாடு தீராமலே இருவரும் பதினான்கு ஆண்டுகள் நண்பராய் இருந்தனர். இராயல் சங்கத்தின் தலைமையை ஏற்குமாறு பாரடேயை வேண்டிச் சென்றவருள் டிண்டாலும் ஒருவர். டேவி ஒருகாலத்தில் அமர்ந்திருந்த அப்பதவியைப் பாரடே ஏற்கவில்லை.

முதுமையில் அவருக்கு நினைவு தளர்ந்தது. 1866ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆண்டர்சன் இறந்தார். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள், ஹாம்ப்டன் கோர்ட்டில் அரசியார் அளித்திருந்த இல்லத்தில், நாற்காலியில் அமர்ந்தபடியே பாரடே உயிர் நீத்தார். அடுத்த ஆண்டில் அவருடைய ஆராய்ச்சிகளைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டவர் டிண்டால்.