முறுக்குக் கம்பி கண்ட இரான்சம்

கான்கிரீட்டு என வழங்கும் கற்காரை, தன்மேல் அழுத்தும் சுமையை நன்கு தாங்கும்; ஆயின், இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். இரும்போ இழுப்புக்கு அஞ்சாதது. இவ்விரண்டும் ஒன்றையொன்று விடாது பற்றி நின்றால்தான் கட்டடம் உறுதி பெறும். பற்றுத் தளர்ந்தால் உள்ளே இரும்பு இருந்தும் பயனில்லை. சுமை ஏறுங்கால் கம்பி வழுக்கும்; விரிசல் பெருகும்; உத்தரம் முறியவுங்கூடும். இவ்வுண்மையைத் தெளிந்து, அப்பற்றினை வலுப்படுத்த வழி கண்டவர் எர்னெஸ்ட் இரான்சம் என்னும் பொறியாளர்.

இரான்சம் இங்கிலாந்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் பிரடரிக் இரான்சம், இப்சுவிச்சு நகரில் செயற்கைக் கல் செய்யும் முறையைக் கண்டு புகழ் பெற்றவர். தந்தையாரின் தொழிற்சாலையிலேயே மைந்தரும் தொழில் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, சான்பிரான்சிசுகோ நகரில் ஒரு கல் நிறுவனத்தின் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். சில ஆண்டுகளில் தாமே தொழில் தொடங்கினார்.

வழுவழுப்பான கம்பியைக் கற்காரை இறுகப் பற்றுவதில்லை. ஆதலின், இரான்சம் சதுர இரும்புக் கம்பியைச் சூடேற்றாமலே கயிறுபோல் முறுக்கினார். அதன் விளிம்புகள் திருகாணியின் புரிபோல் சுற்றிச் சென்றன. புரிகளின் இடையே கற்காரை புகுந்து இறுகியது. இனிக் கம்பி வழுக்கவேண்டுமாயின் கற்காரையையே நொறுக்கவேண்டும். 1884ஆம் ஆண்டில் இம்முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

கலிபோர்னியப் பொறியியல் அறிஞர் கழகத்தில் இதனை எடுத்துரைத்தபோது, கேட்டோர் நகைத்தனர். முறுக்கினால் இரும்பு கெட்டுவிடும் என்பது அவர்கள் கருத்து. இரான்சம் தளரவில்லை, சோதனையால் விடை கூறினார். முறுக்கிய கம்பியின் வலிமை குன்றவில்லை, மிகுந்தே இருந்தது.

1889ஆம் ஆண்டில் சான்பிரான்சிசுகோப் பூங்கா ஒன்றில் அவர் சிறு பாலம் அமைத்தார். இசுடான்போர்டுப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தையும் தம் முறைப்படி கட்டினார். 1906ஆம் ஆண்டில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அருங்காட்சியகத்தோடு பின்னர் இணைத்த செங்கற்பகுதிகள் பல இடிந்து வீழ்ந்தன. இரான்சம் கட்டிய நடுப்பகுதி நிலைத்து நின்றது. பாலமும் அழியவில்லை. நகைத்தோர்க்கு நிலமே விடை கூறிற்று எனலாம். இரான்சம் 1917ஆம் ஆண்டில் மறைந்தார்.

பிற்காலத்தில் முறுக்கிய கம்பிகள் இந்தியாவிலும் பெருவழக்காயின. இன்று புடைப்புகளுடன் உருட்டிய கம்பிகள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. ஆயினும், அவற்றையும் முறுக்குக் கம்பி என்று கூறும் வழக்கம் தமிழ்நாட்டில் மறையவில்லை.

எத்துணைப் பற்று இருப்பினும் துரு அதனை அழித்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில், காற்றோடு வரும் உப்பு கற்காரையின் நுண்துளை வழியே புகுந்து கம்பியை அடையும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வது. அது விம்முங்கால் கற்காரை வெடித்து உதிரும். கம்பியும் கற்காரையும் பிரியும். ஆதலின், கடற்காற்றுப் படும் கட்டடங்களில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கற்காரை மூடியிருத்தல் வேண்டும் என இந்தியத் தரவிதி கூறுகின்றது. உவர்நீரும் உப்பு மணலும் கலவையில் சேர்தல் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத அப்பற்றே வீட்டைத் தாங்குகின்றது. அதனைக் காப்பது கட்டுவோர் கடமையாகும்.