கசிவோடு மல்லுக்கட்டிய கைவினைஞர் அல்-ஜஸரீ

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவள்ளூரைத் தாண்டினால் கடம்பத்தூர். காலை ஷிப்ட்டுக்காக ரயிலேறி இறங்கும் கூட்டத்தில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கடம்பத்தூரோ, காக்களூரோ, அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டோ, எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் ஏதாவது ஒரு மூலையில் பம்பு ஓடிக்கொண்டிருக்கும். பம்பைப் பராமரிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதித் தலைவலி சீல் என்பார்கள். தண்டு சுழல வேண்டும், ஆனால் அது நுழையும் ஓட்டை வழியாகத் தண்ணீரோ எண்ணெயோ அமிலமோ வெளியே வரக் கூடாது. சுழல்வதற்கு இடைவெளி வேண்டும்; கசியாமல் இருக்க இடைவெளி கூடாது. இந்த முரண்பாட்டோடு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மல்லுக்கட்டிய ஒரு முஸ்லிம் கைவினைஞரைப் பற்றியது இந்தக் கட்டுரை.

அவருடைய முழுப்பெயர் பதீஉஸ் ஸமான் அபுல் இஸ்ஸு இப்னு இஸ்மாயீல் இப்னுர் ரஸ்ஸாஸ் அல்-ஜஸரீ. ரஸ்ஸாஸ் என்றால் அரிசி வியாபாரி. யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளுக்கு நடுவே உள்ள மேல் மெசபடோமியாவுக்கு அரபியில் அல்-ஜஸீரா என்று பெயர். அதனால் அவர் அல்-ஜஸரீ. பிறந்த வீடு, படித்த மதரஸா, குடும்பம் என்று வாழ்க்கை வரலாற்றில் நாம் வழக்கமாகத் தேடும் எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எழுதிய ஒரே நூலிலிருந்துதான் வருகிறது. அதிலும் தன்னைப் பற்றிச் சில வரிகள்தாம். மீதி முழுக்க வேலை.

ஹிஜ்ரி 570, அதாவது 1174 வாக்கில் அவர் அர்துக் வம்சத்து மன்னர்களிடம் பணியில் சேர்ந்தார். அந்தக் காலத்தை நம் வாசகர்கள் வேறொரு பெயரால் நன்கு அறிவார்கள். அது ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலம். 1183-இல் ஸலாஹுத்தீன் ஆமித் நகரைக் கைப்பற்றி அர்துக் மன்னர் நூருத்தீன் முஹம்மதிடம் ஒப்படைத்தார். இன்று துருக்கியில் தியார்பகிர் என்று அழைக்கப்படும் நகரம் அது. நான்கு ஆண்டுகள் கழித்து பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்டது. வரலாற்று நூல்கள் அந்தப் படைகளின் பின்னால் போகின்றன. அதே ஆண்டுகளில் அர்துக் அரண்மனைப் பட்டறையில் ஒருவர் செம்பைத் தட்டிக் குழாய் செய்துகொண்டிருந்தார்.

நூருத்தீன், அவருக்குப் பின் மூத்த மகன் குத்புத்தீன் ஸுக்மான், அவருக்குப் பின் இளைய மகன் நாஸிருத்தீன் மஹ்மூத் என்று மூன்று மன்னர்களைப் பார்த்தவர் அல்-ஜஸரீ. மூன்றாமவர்தான் ஒரு நல்ல காரியம் செய்தார். இதுவரை செய்த கருவிகளையெல்லாம் எழுதி வை என்று கட்டளையிட்டார். கால் நூற்றாண்டுப் பணிக்குப் பிறகு அல்-ஜஸரீ எழுத உட்கார்ந்தார். ஹிஜ்ரி 602-இல், அதாவது 1206-இல், நூல் நிறைவுற்றது. மொத்தம் 50 கருவிகள்: கடிகாரங்கள், பாத்திரங்கள், ஒளுச் செய்வதற்கும் இரத்தம் எடுத்து அளப்பதற்குமான கருவிகள், நீரூற்றுகள், தண்ணீர் இறைக்கும் பொறிகள், பிறகு சில்லறையாகச் சில. அரசவை மது விருந்துக்கான பாத்திரங்களும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. நம் மேடைகளில் அதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். இருந்தது இருந்ததுதான்.

ஒளுக் கருவியின் பின்னணி சுவையானது. மன்னருக்கு ஒளுச் செய்யும்போது பணியாளோ அடிமைப்பெண்ணோ பக்கத்தில் நின்று கையில் தண்ணீர் ஊற்றுவது பிடிக்கவில்லை. வேறு வழி செய் என்றார். அல்-ஜஸரீ ஒரு சிறுவன் உருவத்தைச் செய்தார். அதன் கையிலுள்ள கெண்டி தானே தண்ணீர் ஊற்றும். ஒளு முடிந்ததும் மற்றொரு கை துண்டை நீட்டும். மின்சாரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை. மிதவை, எடை, வால்வு, தண்ணீர் மட்டும்தான்.

இத்தகைய கருவிகளில் தண்ணீர்தான் எஜமான். தொட்டி நிறைந்திருக்கும்போது துளை வழியே தண்ணீர் வேகமாக வரும், குறையக் குறைய வேகமும் குறையும். பள்ளிவாசல் ஹவுளின் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேகம் மாறினால் கடிகாரம் பொய் சொல்லும். தனக்கு முந்தியவர்கள் இதற்குச் செய்துவைத்த ஒரு கருவியை அல்-ஜஸரீ சோதித்துப் பார்த்தார். அது தவறு என்று கண்டார். பெரியவர்கள் செய்தது என்பதற்காக ஏற்றுக்கொள்ளவில்லை. பலமுறை முயன்று, தண்ணீரை ஓடவிட்டு அளந்து, சரியான அளவுகளைக் குறித்தார். சோதித்துப் பார்க்காத எந்தத் தொழில்நுட்பமும் சந்தேகத்துக்குரியது என்பது அவருடைய கொள்கை.

தண்ணீரை நிறுத்தவும் விடவும் அவர் பயன்படுத்தியது கூம்பு வடிவ வால்வு. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களே கூம்பு வால்வைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆகவே அது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் வால்வு முழுதாக மூடவில்லை என்றால் என்ன செய்வது? அல்-ஜஸரீ அடைப்பானையும் அது உட்காரும் இருக்கையையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, நடுவில் எமரித் தூளைப் போட்டு, இரண்டும் ஒட்டிப் போகும்வரை தேய்த்தார். மேட்டை மேடு தின்றுவிடும், தண்ணீர் புக வழி இருக்காது.

லேப்பிங் என்று இன்று பட்டறையில் சொல்வது இதைத்தான். இன்றைய மெக்கானிக்கல் சீலில் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்று பெரும்பாலும் கார்பன், மற்றொன்று சிலிக்கான் கார்பைடு போன்ற கடினமான பொருள். ஒன்று தண்டோடு சுழலும், ஒன்று நிற்கும். ஒரு ஸ்பிரிங் இரண்டையும் முகத்தோடு முகமாக அழுத்திப் பிடிக்கும். அந்த முகங்களை நுண்தூள் போட்டுத் தேய்த்து, ஒரு மைக்ரான் கூட மேடுபள்ளம் இல்லாமல் ஆக்கி, கண்ணாடித் தகட்டின் கீழே ஒளிக்கோடுகளை எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். எமரிக்குப் பதில் வைரத்தூள். செயல் அதேதான்.

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது ஐந்தாவது தண்ணீர்ப் பொறி. ஆற்று ஓட்டத்தில் சுழலும் சக்கரம், அதோடு பல்சக்கரங்கள், அவற்றால் இங்குமங்கும் ஆடும் ஒரு கம்பி. கம்பியின் இரு பக்கமும் படுக்கைவாட்டில் எதிரெதிராக இரண்டு செம்பு உருளைகள். ஒரு பிஸ்டன் தண்ணீரை உறிஞ்சும்போது மற்றது வெளியே தள்ளும். தண்ணீர் சுமார் 20 முழ உயரத்துக்கு ஏறும். கிரேக்கர்களின் பழைய பம்பில் உருளையே தண்ணீருக்குள் நின்றது. இங்கே உருளை மேலே இருக்கிறது, உறிஞ்சுகுழாய் மட்டும் தண்ணீருக்குள் இறங்குகிறது.

உறிஞ்ச வேண்டுமென்றால் பிஸ்டனின் ஓரத்தில் காற்று நுழையக் கூடாது. அதற்கு இரண்டு செம்புத் தகடுகளை இடைவெளி விட்டு வைத்து, நடுவே சணல் கயிற்றைச் சுற்றி நிரப்பினார். சணல் நனைந்தால் ஊதும். ஊதினால் சுவரோடு ஒட்டும். பழைய பம்புகளில் கிளாண்டைத் திறந்து கயிறு சுற்றிய கைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இணையத்தில் சிலர் இன்றைய இயந்திரம் அனைத்தையும் அல்-ஜஸரீயே கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. அவருடைய பம்பு ஆற்று வேகத்தில் ஆடியது, இறைத்தது குளிர்ந்த நீர். நம் தொழிற்சாலையில் மோட்டார் நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றுகிறது, பம்புக்குள் வருவது கொதிக்கும் நிலையில் உள்ள திரவமாகவும் இருக்கலாம். அங்கே அவர் சந்திக்காத எதிரி ஒன்று உண்டு.

வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் 120 டிகிரி வரை போகும். அழுத்தம் இறங்கினால் அதே தண்ணீர் உடனே ஆவியாகும். சீலின் இரு முகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய திரவப் படலம் இருக்கிறது, அதுதான் முகங்களுக்கு எண்ணெய் மாதிரி. உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே வரவரக் குறைவு. உராய்வில் சூடும் சேர்கிறது. பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பு போன்ற இடங்களில் அந்தப் படலம் நடுவழியிலேயே கொதித்துவிடும். ஆவி விரிந்து முகங்களைப் பிரிக்கும், ஸ்பிரிங் மறுபடி மூடும். பட் பட் என்று சத்தம் கேட்கும். பிறகு முகம் காய்ந்து ஓடி, கார்பன் ஓரம் சிதறும், கடின வளையத்தில் வெடிப்பு விழும். பலர் சீல் மட்டம் என்று புதியதை மாற்றுவார்கள். அடுத்த வாரமே அதுவும் போகும். குற்றம் சீலில் இல்லை, திரவத்தில். சீல் இருக்கும் அறையில் குளிர்ந்த திரவத்தைப் பாய்ச்சி, அல்லது அங்கே அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையிலிருந்து விலக்கி வைத்தால் அதே சீல் நீண்ட நாள் உழைக்கும். கருவியைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அல்-ஜஸரீ கடிகாரத்தில் செய்தது.

நூல் நிறைவுற்ற 1206-க்குப் பிறகு அவரைப் பற்றிச் செய்தி இல்லை. அந்த ஆண்டிலேயே வஃபாத்தானார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நூல் கையெழுத்துப் பிரதிகளாகப் பல நகரங்களுக்குச் சென்றது. 1974-இல் டொனால்ட் ஹில் அதை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்தார். ஹில் அரபு அறிஞர் மட்டுமல்லர், ஈராக்கில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். எமரித் தூளின் முக்கியத்துவம் அவர் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து லண்டனில் நடந்த இஸ்லாமிய உலக விழாவின்போது அல்-ஜஸரீயின் பெரிய கடிகாரத்தை அவருடைய குறிப்புகளை வைத்தே மறுபடி செய்து காட்டினார்கள்.

துபாயில் உள்ள இப்னு பதூதா மாலில் அவருடைய யானைக் கடிகாரத்தின் பெரிய மாதிரி நிற்கிறது. அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் வீட்டுக்கு அனுப்பிய படங்களில் அந்த யானை இருக்கும். அல்-ஜஸரீ விவரித்த யானையின் வயிற்றுக்குள் தண்ணீர்த் தொட்டி. அதில் அடியில் துளையிட்ட ஒரு கிண்ணம் மிதந்து, மெல்ல நிரம்பி, அரை மணி நேரத்தில் மூழ்கும். நம் நாட்டில் நேரம் பார்த்த நாழிகை வட்டிலும் இதே வகைதான். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் நேரம் தவறிவிடும். அந்தத் துளையையும் அவர் அளந்து சோதித்துத்தான் போட்டார்.