முதியோரின் தாய் புனித ஜான் ஜுகான்

சாமளாபுரத்தில் விசைத்தறிச் சத்தம் ஓயாத நம் தெருக்களில், பெரியவர்கள் வேலைக்குச் சென்ற பின் வீட்டில் தனித்திருப்போர் பாட்டியும் தாத்தாவுமே. ஈரத்தரையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. இத்தகையோருக்காகவே வாழ்ந்த ஒரு புனிதையைப் பற்றி இங்கே காண்போம்.

ஜான் ஜுகான் 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், பிரான்சு நாட்டுக் கடற்கரை ஊரான கான்காலில் பிறந்தார். மீனவரான தந்தை கடலோடு போனார். ஜான் சமையல் வேலை செய்தார். பின் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை புரிந்தார்.

1839-ஆம் ஆண்டுக் குளிர்காலம். பார்வையிழந்து, உடல் முடங்கி, கவனிப்பாரற்றுக் கிடந்த ஆன் ஷோவேன் என்னும் மூதாட்டியைத் தம் இருப்பிடத்திற்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே அளித்துவிட்டு, தாம் பரணில் படுத்தார். அப்போது அவருக்கு வயது 47. அதுவே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையின் வித்து. கூடையேந்தி வீடு வீடாக இரந்து முதியோரைக் காத்தார்.

1843-இல் தலைமைப் பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. கடைசி 27 ஆண்டுகள் தாய் இல்லத்தில் மறைந்து வாழ்ந்தார். நிறுவியவர் அவரே என்பதை இளஞ்சகோதரிகள் அறியவில்லை. அவர் முறையிடவும் இல்லை. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-இல் இறந்தபோது, சபையில் சுமார் 2,400 சகோதரிகள் இருந்தனர். 1882-இல் கல்கத்தாவிலும் இல்லம் திறந்தனர். 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

தோழியரே, தாத்தாவின் கைபிடித்து நடத்துவோம். குளியலறை ஈரத்தைத் துடைப்போம். இரவில் பாட்டியருகே ஒரு விளக்கை எரியவிடுவோம். முதியோர் இல்லங்களில் இருப்போரையும் சென்று காண்போம். அப்புனிதையின் தொண்டில் நமக்கும் சிறு பங்கு கிடைக்கும்.