பாற்கான்களில் புதைத்த வரலாறு: இமானுவேல் ரிங்கல்பிளம்

1923இல் வார்சோ பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற யூத மாணவர்கள் ஓர் ஆய்வு வட்டத்தைத் தொடங்கினார்கள். பழைய ஆவணங்களைத் தேடிப் படித்துக் கட்டுரை எழுதுவதும் அவற்றைக் கூடி விவாதிப்பதும் அவர்களது வேலை. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் இமானுவேல் ரிங்கல்பிளம். 1900இல் பிறந்த அவரை, ஆட்சியாளர்களின் கதையைவிடக் கைவினைஞர்கள், ஏழைகளின் வாழ்வே ஈர்த்தது. வார்சோ யூதர்களின் மத்தியகால வரலாற்றை ஆராய்ந்து 1927இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பாடசாலை ஆசிரியராகவும் நிவாரணப் பணியாளராகவும் வாழ்ந்தார்.

1940 நவம்பரில் ஜெர்மன் படைகள் நான்கு இலட்சம் வரையான யூதர்களை வார்சோவின் ஒரு மூலைக்குள் அடைத்து மதில் எழுப்பின. அதே மாதம் ரிங்கல்பிளம் ஓர் இரகசிய ஆவணக் குழுவை அமைத்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் ஓய்வுநாளின் மகிழ்ச்சி என்று பொருள்படும் 'ஒய்னெக் ஷாபெஸ்' என்பதே அதன் மறைபெயரானது. ஆசிரியர், மதகுரு, எழுத்தாளர், கஞ்சிக்கூடம் நடத்திய பெண் எனப் பலரும் அதில் இருந்தார்கள். எதைக் கேட்பது, எப்படிப் பதிவது என்று அவர்களுக்கு வினாக்கொத்துகள் தயாரிக்கப்பட்டன. நாட்குறிப்புகள், சிறுவர்களின் கட்டுரைகள், உணவுக் கூப்பன்கள், ட்ராம் ரிக்கற்றுகள், இனிப்பு சுற்றிய தாள்கள்கூடச் சேர்க்கப்பட்டன. கொன்றவர்களின் கோப்புகள் மட்டுமே எஞ்சினால், கொல்லப்பட்டவர்களின் வாழ்வு அவர்களது கண்ணாலேயே எழுதப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1942 யூலையில் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு மக்களை ஏற்றத் தொடங்கினார்கள். ஓகஸ்ட்டில் பத்துத் தகரப் பெட்டிகளும், 1943 பெப்ரவரியில் இரண்டு பாற்கான்களும் ஒரு பாடசாலைக் கட்டடத்தின் நிலவறையில் புதைக்கப்பட்டன. 1944 மார்ச்சில் ரிங்கல்பிளம் ஒளிந்திருந்த பங்கர் காட்டிக்கொடுக்கப்பட்டது. மனைவி, மகனோடு அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

குழுவில் உயிர்தப்பியவர்கள் மூவர் மட்டுமே. அவர்களில் ஹெர்ஷ் வாசர் இடத்தை அறிந்திருந்தார். 1946இல் இடிபாடுகளைத் தோண்டிப் பெட்டிகளை எடுத்தபோது பல தாள்கள் நீரில் ஊறியிருந்தன. பாற்கான்கள் 1950இல் கிடைத்தன. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

சுமார் 35,000 பக்கங்கள் இன்று வார்சோவின் யூத வரலாற்று நிறுவனத்தில் உள்ளன. யுனெஸ்கோ 1999இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆவணக்காப்பகத்துக்குள் முதன்முறை நுழையும் பட்டப்பின்படிப்பு மாணவர் அங்கே ஒரு கூப்பனை எடுத்துப் பார்க்கலாம். அதை வைத்து உண்டவரின் பசியும், அதைப் பத்திரப்படுத்தியவரின் துணிவும் அந்தத் துண்டுத் தாளில்தான் இருக்கின்றன.