யாரைப் பிடிக்கணும்?

பைனல் இயரில் எனக்கு இன்டர்வியூ கார்டு வந்ததும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, யாரைப் பிடிக்கணும் என்பதுதான்! அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் நம்ம லைப்ரரியில் தியோடர் ரூஸ்வெல்ட் வரலாறு கையில் கிடைத்தது.

அமெரிக்க ஜனாதிபதி ஆவதற்கு முன், 1895ல் அவர் நியூயார்க் போலீஸ் கமிஷனர்கள் குழுவின் தலைவரானார். முந்தின வருஷ விசாரணையில், கான்ஸ்டபிள் வேலைக்கே 300 டாலர் ரேட் என்பது அம்பலமாகியிருந்தது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய கிரீடன் என்பவரும் கேப்டனாக 15,000 டாலர் அழவேண்டியிருந்ததாம்.

ரூஸ்வெல்ட் கட்சி, மதம் பார்க்கவில்லை. எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, அவ்வளவுதான். தீயில் சிக்கியவர்களை மீட்ட யூத இளைஞர் ஓட்டோ ராஃபேலை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனாலும் பரீட்சை எழுதச் சொன்னாரே தவிர, ஆர்டரைக் கையில் கொடுத்துவிடவில்லை. ராஃபேல் எழுதினார், பாஸானார், போலீஸானார்.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடவைத்து ஊர்ப் பகையைச் சம்பாதித்த ரூஸ்வெல்ட், 1897ல் வாஷிங்டன் போய்விட்டார். ராஃபேலுடன் நட்பு மட்டும் அப்புறமும் தொடர்ந்தது.