இராமானுஜன்: ஒரு நிழற்படத்தின் காலம்

கணித மேதை இராமானுஜனின் பெயரைக் கேட்டவுடன் நம் எல்லோர் மனக்கண்முன்னும் வந்து நிற்பது ஒரே முகந்தான். குட்டையாகக் கத்தரித்த தலைமுடி, நாமம் இல்லாத நெற்றி, மேனாட்டுக் கோட்டு, கழுத்துப்பட்டி, நேரே நோக்கும் பெரிய கண்கள். பாடநூல்களிலும் பள்ளிச் சுவர்களிலும் நாம் கண்டு பழகிய முகம் அது. அந்நிழற்படத்தின்கீழ் 1913 என்னும் ஆண்டைப் பல இடங்களில் இன்றும் அச்சிட்டு வருகின்றனர். அவ்வாண்டு பொருந்தாது என்பதும், அப்பிழை சிறிய பிழையன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

நம் திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் கரையில் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்குள்ள வீரராசேந்திரன் கல்வெட்டு, மெய்க்கீர்த்தி பாடி, ஆட்சியாண்டு கூறி, அதன்பிறகே பதினைந்து நோயாளர்க்கு இடமிருந்த ஆதுலர்சாலையைப் பற்றியும் அங்கிருந்த மருந்துகளைப் பற்றியும் விரித்துரைக்கிறது. கல்லுக்குத் தன் காலத்தைத் தானே சொல்லத் தெரிகிறது. நிழற்படத்திற்கு மெய்க்கீர்த்தி கிடையாது. அதிலுள்ள மனிதரின் வாழ்க்கையைக் கொண்டுதான் அதன் காலத்தைக் கணிக்க வேண்டும்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர். மகனுக்கும் அப்பக்தி இறுதிவரை இருந்தது. பள்ளியில் முதன்மை மாணவராய் விளங்கியவர், கார் என்பவர் தொகுத்த கணித வாய்பாட்டு நூல் கைக்குக் கிடைத்தபின் வேறெதையும் படிக்க மறுத்தார். விளைவாகக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் சிறுமி ஜானகியை மணந்தார். வேலை தேடி அலைந்த அவ்வாண்டுகளில், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரும், நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவும் அவருடைய குறிப்பேடுகளைக் கண்டு வியந்து கைகொடுத்தனர். 1912 மார்ச்சு முதல் நாள், மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடல் உலகறிந்த செய்தி. படத்தின்கீழ் 1913 வந்து ஒட்டிக்கொண்டதற்கு அம்மடலின் புகழே காரணமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஒருவர் வாழ்வில் யாவரும் அறிந்த ஆண்டு ஒன்றிருந்தால், நாளறியாத பொருள்களெல்லாம் அதன்மேல் ஏறி அமர்ந்துகொள்ளும். புலவர் வரலாறுகளில் நாம் அடிக்கடி காண்பதுதான்.

இனிப் படத்தை நோக்குவோம். 1913இல் இராமானுஜனுக்குக் குடுமி இருந்தது. வைதிக வைணவக் குடும்பத்து இளைஞர் வேட்டியும் திருமண்ணுமாகவே துறைமுக அலுவலகத்திற்குச் சென்றுவந்தார். கடல் கடத்தல் ஆகாதென்ற விலக்கைத் தாண்டவே ஓராண்டு பிடித்தது. 1914இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் நெவில் நேரில் பேசியபோது அவர் மனம் இசைந்திருந்தது. மார்ச்சு 17ஆம் நாள் ‘நெவாசா’ கப்பலில் புறப்பட வேண்டும். அதற்குச் சில நாள் முன்பு தாயையும் மனைவியையும் கும்பகோணத்திற்கு இரயிலேற்றி அனுப்பிவிட்டார். தம்மை மேனாட்டுக் கோலத்தில் அவர்கள் காண வேண்டாம் என்பது அவர் எண்ணம். அவர்கள் சென்றபிறகே குடுமி களையப்பட்டது. கோட்டும் கழுத்துப்பட்டியும் காலணியும் வந்து சேர்ந்தன. அப்போது அவர் கண் கலங்கியதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். படத்தில் நாம் காணும் கத்தரித்த முடியும் கழுத்துப்பட்டியும் அந்த மார்ச்சு மாதத்திற்கு முன் இருந்திருக்க வழியில்லை. 1913 இங்கேயே விழுந்துவிடுகிறது.

அப்படியாயின் பயணத்திற்காக 1914இல் எடுத்ததாகலாமோ என வினவலாம். இது கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருந்த படம் என்பதே அதற்கு விடை. முதல் உலகப்போருக்கு முன் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து செல்வோர்க்குக் கடவுச்சீட்டுக் கட்டாயமாக இருக்கவில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டில் உரியவரின் நிழற்படம் இடம்பெற வேண்டும் என்னும் விதி 1915இல்தான் வந்தது. ஆகவே இப்படம் போனவரின் படம் அன்று; திரும்பி வந்தவரின் படம். அவர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியது 1919 பிப்ரவரி 27. அதற்கு முந்திய நாள்களே இதன் காலம். படத்திலுள்ளவர்க்கு வயது முப்பத்தொன்று.

இதற்குத் தடை ஒன்று எழும். 1917 முதல் இராமானுஜன் கடுநோயாளி. போர்க்காலத் தட்டுப்பாடு, ஊனுண்ணாமை, தாமே சமைத்தல், இரவு பகலாக உழைப்பு, தாங்கவியலாக் குளிர் எனப் பலவும் சேர்ந்து உடலைத் தகர்த்தன. மருத்துவர் காசநோய் என்றனர்; பிற்கால ஆய்வாளர் சிலர் கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்பர். நலவாழ்வு இல்லங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறினார். புட்னியில் அவர் படுக்கையில் இருந்தபோதுதான், காணவந்த ஹார்டி தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 எனச் சொல்ல, அது இரு கனங்களின் கூட்டலாக இருவழியில் அமையும் எண்களுள் மிகச் சிறியது என்று நொடியில் விடை தந்தார். அத்தகைய நோயாளியின் கன்னம் படத்தில் ஒட்டியிருக்கவில்லையே; முகம் நிறைந்துதானே காண்கிறது?

விடை ஹார்டியின் கடிதத்திலேயே கிடைக்கிறது. 1918 நவம்பரில் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு அவர் எழுதியபோது, இராமானுஜனின் காய்ச்சல் ஒழுங்குக்கு வந்துவிட்டதென்றும் எடை ஏறத்தாழ ஆறு கிலோ கூடியிருக்கிறதென்றும் மகிழ்ச்சியுடன் தெரிவித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் இராயல் கழகத்தின் உறுப்பினர் பதவியும், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் தகுதியும் வந்து சேர்ந்திருந்தன. போரும் ஓய்ந்தது, தாய்நாட்டு வெயிலில் முற்றும் தேறிவிடுவார் என எல்லோரும் நம்பினர். நோய் சற்றே கைவிட்ட அந்தச் சில மாதங்களின் முகந்தான் இது. படம் காட்டும் நிறைவு இளமையின் நிறைவு அன்று. 1913 என்று எழுதும்போது நாம் காண்பது இனிமேல் எல்லாம் நடக்கவிருக்கும் ஒரு முகம். 1919 என்று எழுதினால் எல்லாம் நடந்து முடிந்த முகம். ஆறு ஆண்டுப் பிழையில் ஒரு மனிதரின் துன்பம் முழுவதும் மறைந்துபோகிறது.

1919 மார்ச்சு 27ஆம் நாள் பம்பாயில் இறங்கியவர் தேறவில்லை. சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை என இடம் மாறியும் உடல் எலும்பாய் இளைத்தது. ஆனால் எழுதுவது நிற்கவில்லை. 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதி மடலில் ‘மாக் தீட்டா’ச் சார்புகள் என்று ஒரு புதுவகையை அறிமுகப்படுத்தினார். ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டு இல்லத்தில் உயிர் நீத்தார். பல்லாண்டு கழித்து, 1976இல், ஆண்ட்ரூசு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் டிரினிட்டி நூலகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தாள்களைக் கண்டெடுத்தார். அவற்றில் இராமானுஜன் கையெழுத்தில் அச்சார்புகள் விரவியிருந்தன. அதனாலேயே அவை இறுதி ஆண்டின் எழுத்துகள் என அவர் உணர்ந்தார். நாள் குறியாத தாளுக்கும் உள்ளிருக்கும் பொருளே நாள் சொல்லிற்று.

நிழற்படம் நம்மிடம் வந்த கதையும் அறியத்தக்கது. ஹார்டி 1936இல் ஹார்வர்டில் இராமானுஜனைப் பற்றிப் பேசினார். அப்பொருள் பற்றிய அவருடைய நூல் 1940இல் வெளிவந்தது. அவர்க்குத் தம் நண்பரின் நல்ல படம் ஒன்று தேவைப்பட்டது. 1936இல் தாயகம் வந்த இளம் வானியற்பியலறிஞர் சந்திரசேகரிடம் அதனைத் தேடித்தர வேண்டினார். சந்திரசேகர் திருவல்லிக்கேணியில் ஜானகியம்மாளைக் கண்டார். கணவர் மறைந்தபோது அம்மையார்க்கு வயது இருபத்தொன்று. சில ஆண்டு பம்பாயில் உடன்பிறந்தாரோடு இருந்து, சென்னைக்குத் திரும்பித் தையல் தொழிலாலும் சிறு ஓய்வூதியத்தாலும் வாழ்ந்துவந்தார். அவர் பதினாறு ஆண்டுகளாகக் காத்துவைத்திருந்தவற்றுள் கணவரின் கடவுச்சீட்டும் இருந்தது. படத்தைப் பெற்ற ஹார்டிக்கு அதில் நோயின் சாயலும் மேதைமையும் ஒருங்கே தெரிந்தன. நமக்கு நலமாகத் தோன்றும் முகத்தில், அருகிருந்து பழகியவர் கண்ணுக்கு நோய் புலப்பட்டது நோக்கற்பாலது. நம் கவிஞர் அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர்.

கணவர்க்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லை என்னும் குறை அம்மையார்க்கு நெடுநாள் இருந்தது. அச்செய்தியறிந்த அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ரிச்சர்டு ஆஸ்கி 1980களில் பல நாட்டுக் கணித அறிஞரிடம் பொருள் திரட்டினார். சிற்பி பால் கிரான்லண்டு வெண்கல மார்பளவுச் சிலை வடித்தார். ஒன்று ஜானகியம்மாளைச் சேர்ந்தது. 1994 ஏப்ரல் 13ஆம் நாள் அவர் காலமானார். சிற்பி முன்னே வைத்துக்கொண்டதும் அக்கடவுச்சீட்டுப் படத்தையே. ஆதலின் வெண்கலத்திலும் இருப்பது, குடுமியோடு அவரைக் கும்பகோணத்திற்கு வழியனுப்பிய கணவரின் முகமன்று. 1919 பிப்ரவரியில் இலண்டனிலிருந்து வீடு திரும்பக் காத்திருந்தவரின் முகம்.